தேசப்பனின் வார்

"கால இழுக்காதப்பா, கழுத்து மாட்டிக்கும்," என்று வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்.

லோகு மண்டியிட்டு ஐஸ் பெட்டிக்கு அடியில் தோள்வரை கையை நுழைத்திருந்தான். நாயின் பின்னங்கால் அவன் பிடியில் இருந்தது, நாய்தான் பிடிபடவில்லை. அது தரையோடு ஒட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் லோகுவின் மாமனார் தேசப்பன், தன் கல்யாணத்துக்குக்கூடப் போட்டிராத முழுக்கைச் சட்டையில் படுத்திருந்தார்.

"அது கீழ படுத்துகினு இருந்தா நான் எப்டிப்பா ஜெபம் பண்றது?" என்றார் பாஸ்டர். "எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வேணாமா?"

"அது பாட்டுக்குக் கீது. நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க ஐயா," என்றாள் ஞானம்மா.

புருஷன் செத்த பிறகு அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாயையும் சபையில் சேர்த்து ஜெபத்தை ஆரம்பித்தார். லோகு முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

அவன் மனைவி சுகிர்தா, தேசப்பனின் ஒரே மகள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண் விழித்திருந்த களைப்பில் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பது போலிருந்தது. பாட்டு எங்கோ தொலைவில் மிதந்தது. மில் புகையும் மார்கழிப் பனியும் கலந்து, எதிர்வீடு இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கும்படி நின்றது. எளாவூர் செக்போஸ்டுக்குப் போகும் லாரிகளின் சத்தம் மட்டும் வந்தது, லாரிகள் இல்லாமல்.

பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படர்ந்தது. யாராவது துண்டால் துடைத்தார்கள். துடைக்கும்போது நைனாவின் முகம் எங்கிருந்தோ திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விட்டது. பனிக்குள் போவதும் வருவதுமாகவே இருந்த மனுஷன். படுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

தேசப்பன் பாதி ஆயுளை இரும்புக் கம்பி மில்லின் உலை முன்னால் கழித்தவர். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நெருப்பு முன்னால் நிற்பதில் பேச என்ன இருக்கிறது? பேச்சு முழுக்க அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றித்தான். ஞாயிறு விடிந்தால் நாய்களோடு முயலுக்குப் போவார்; நெல் முற்றும் நாட்களில் பன்றிக்கு. காட்டு முயலைத் தொட்டால் ஜெயில் என்று சட்டம் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தச் சட்டம் இந்தப் பக்கம் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. வந்தது, கறி வாசனை பிடித்து உட்கார்ந்தது, இலை போட்டதும் சாப்பிட்டுவிட்டுப் போனது.

வேட்டைக்குப் போகும் ஜமாவுக்கு விதி என்று இருந்தது ஒன்றுதான். முதலில் அவிழ்த்துவிடும் நாய்க்கு முன்நாய் என்று பெயர். முன்நாயின் வார் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முன்னால் நடப்பார். மற்றவர்கள் யாராக இருந்தாலும் பின்னால். அவர் செத்துப்போனால், பிணம் தூக்குவதற்கு முன் அவர் வீட்டு வாரிசு அந்த வாரை எல்லோரும் பார்க்க அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை ஒருவரும் தோள் கொடுக்க மாட்டார்கள்.

வார் வாசலுக்கு உள்பக்கம் ஆணியில் தொங்கியது. மாட்டுத்தோல். வியர்வையையும் ரத்தத்தையும் குடித்துக் கறுத்து, எண்ணெய் தடவியது போல மினுங்கியது. வாரிசு சுகிர்தா. அவள் அதைக் கொடுப்பதாக இல்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதை மட்டும் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'எங்க நைனாவோட இது முடிஞ்சிது.' சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகள் வேறு யாருடையதோ போல ஆகிக்கொண்டிருந்தன.

வெயில் ஏறியதும், ஊரில் சின்னவர் என்று கூப்பிடும் அன்புராஜ் வந்தார். மைக் செட், மாலை, ஃபிளெக்ஸ் பேனர் இவற்றோடு வந்தார். தேசப்பனின் அப்பாவும், அவருடைய அப்பாவும் அன்புராஜ் வீட்டு நெல் வயலில் கூலி. இப்போது அந்த வயல்களில் பாதி பிளாட்டாகவும் மீதி கம்பெனி காம்பவுண்டாகவும் ஆகிவிட்டன. நிலம் போனாலும் வீரம் போகவில்லை என்று காட்ட அன்புராஜ் ஒரு வேட்டைநாய் வீரமரபு மீட்புப் பேரவை நடத்தினார். தலைவர் அவரே. உறுப்பினர்கள் அவர் டிரைவர் வரைக்கும் இருந்தார்கள்.

பேனரில் ரேஷன் கார்டு படத்திலிருந்து எடுத்த தேசப்பனுக்குக் கம்பீரமான மீசை வரைந்திருந்தார்கள். உலைச் சூட்டில் பொசுங்கிப் பொசுங்கி, மீசையே வேண்டாம் என்று விட்டுவிட்டவர் அவர். பின்னணியில் ஒரு சிங்கம் பாய்ந்தது. அந்தப் பக்கத்துக்குக் கடைசியாக வந்த சிங்கம் சர்க்கஸ் லாரியில் வந்தது. அதுவும் செக்போஸ்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பல்லவ மண்ணின் கடைசி வேட்டை வேந்தன்!" என்றது மைக். "அவர் வளர்த்ததோ அரச பரம்பரை நாய்!"

அரச பரம்பரை ஐஸ் பெட்டிக்கு அடியில் காதைச் சொறிந்தது. அதுதான் ஜமாவின் முன்நாய்; பெயர் டீசல். செக்போஸ்டில் நெல்லூர் லாரிக்கு அடியில், எண்ணெய் ஒழுகி நனைந்து கிடந்த குட்டியைத் தேசப்பன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். ஞானம்மா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியும் பல நாள் வாடை போகவில்லை. பெயர் அப்படித்தான் வந்தது.

அன்புராஜ் பேச்சை முடிப்பதற்குள் சென்னையிலிருந்து இன்னொரு வண்டி வந்து நின்றது. வண்டியின் மேல் நாய்ப் பாதங்கள் வரைந்திருந்தன. இறங்கிய சந்திரகலா, மிருகங்களுக்காக ஒரு சங்கம் வைத்திருப்பவர். பெட்டிக்கு முன் கண்ணை மூடி நின்றார்; பிறகு குனிந்து அடியில் பார்த்தார்.

"பேபி, பயப்படாதடா. ஆன்ட்டி வந்துட்டேன்." நிமிர்ந்து சுகிர்தாவிடம் சொன்னார்: "அப்பா எங்க மனுல கையெழுத்து போட்டிருக்கார்மா. நாய்களை வச்சு வேட்டையாடறதை முழுசா தடுக்கணும்னு. பெரிய மனசு அவருக்கு."

அன்புராஜ் மைக்கை அணைக்காமலே திரும்பினார். "தடுக்கக் கூடாதுன்னு எங்க மனுல போட்டுக்கிறாரு மேடம்."

"முதல்ல எங்க மனுல."

"கடைசியா எங்க மனுல. கடைசியாச் சொன்னதுதான் செல்லும்."

தெரு முழுக்க ஒலித்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பெட்டியைப் பார்த்தார்கள், தீர்ப்புச் சொல்லட்டும் என்பது போல. கண்ணாடி மங்கிப்போயிருந்தது.

சுகிர்தாவுக்கு நைனா சொன்னது ஞாபகம் வந்தது. "அந்தம்மா பேசச் சொல்லோ அது சரின்னு பட்ச்சி. சின்னவரு பேசச் சொல்லோ இது சரின்னு பட்ச்சி. ரெண்டு பேரும் டீ வேற வாங்கிக் குடுத்துட்டாங்க. ஒரு கையெழுத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

"நாயை நாங்க எடுத்துட்டுப் போய்ப் பாத்துக்கறோம்," என்றார் சந்திரகலா. "எங்க ஷெல்டர்ல ஏசி ரூம் இருக்கு."

"இப்பவும் ஏசிக்கிக் கீழதாம்மா படுத்துகினு கீது," என்றாள் பக்கத்து வீட்டு முத்தம்மாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானைக்குள் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதார்கள்.

லோகு கண்ணால் கூப்பிட்டான். சுகிர்தா எழுந்து பின்பக்கம் போர்வெல் குழாய் அருகே போனாள். காலுக்குக் கீழே தரை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

"நாஷ்டா துன்னியா?"

"ம்."

"பொய் சொல்லாத." அவன் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான். "வார எனுக்குதானே குடுக்கப் போற?"

அவள் கை நீட்டி, சொட்டும் குழாயை இறுக்கினாள்; அவன் மறுபடி திறந்தான்.

"இன்னா, வாயே தொறக்க மாட்டேன்ற."

"யாருக்கும் குடுக்கப் போறதில்ல."

"வெளாடாத சுகி. பேஜாரு பண்ணாத. அத்தினி பேரும் அதுக்குதான் குந்திகினு கீறாங்க."

"முயலு கத்தும்போது நீயும்தானே கேட்டுகினு நிக்கிற? கொழந்த கத்தற மாதிரி. அதுக்கப்புறம் எப்டி உனுக்கு சோறு எறங்குது?"

லோகு குழாயை மூடினான். "முயலு எங்க பூட்ச்சின்னு பாத்தியா நீ? அந்தக் காட்டுல இப்ப எத்தினி காம்பவுண்டு கீது? செவுரு துன்ன முயலுல கால்வாசிகூட நாங்க துன்னல. செவுர தட பண்ணுன்னு எந்தம்மாவும் வண்டி எட்த்துகினு வரல."

"செவுரு ஓட ஓடத் தொரத்திக் கிழிக்காது."

"சரி. குடுக்காத." அவன் குரல் இறங்கியது. "நீ குடுக்கலன்னா சின்னவரு எடுத்துப்பாரு. மைக்க புட்ச்சிகினு நிக்கறாரே, அதுக்குதான் நிக்கறாரு. அப்புறம் நாங்கல்லாம் பழையபடி அவங்க ஊட்டு நாய்க்குப் பின்னால நடக்கணும். உங்க நைனா இதுக்காடி..."

முடிக்காமல் கைலியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்கு அந்தப் பனிக்காலை மறுபடி வந்தது. சின்னவளாக இருந்தபோது ஒருமுறை அடம்பிடித்து நைனாவோடு போனாள். வெள்ளையாக எல்லாம். புதர்கள் நின்ற இடத்திலேயே மிதந்தன. நைனா விசில் அடித்தார். நாய் ஒரு கோடு போல நீண்டு பனிக்குள் போனது. பிறகு அந்தக் கத்தல். ஏதோ வீட்டில் தொட்டிலிலிருந்து பிள்ளை விழுந்துவிட்டது என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தாள். வீடே இல்லை. வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்தாள்.

ஆனால் அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. அன்புராஜின் அப்பா, எவர் வீட்டுப் படியில் நைனா ஏறியதில்லையோ அவர், நைனாவுக்குப் பின்னால் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். "தேசா, கொஞ்சம் மெதுவாப் போ" என்று கெஞ்சினார். நைனா திரும்பிப் பார்க்கவேயில்லை. அவருடைய முதுகு அன்றைக்கு எவ்வளவு அகலமாக இருந்தது. வேட்டை முடிந்து எல்லோரும் ஒரே சட்டியில் தின்றார்கள். மறுநாள் திங்கட்கிழமை வந்தது; சட்டிகள் தனித்தனியாகிவிட்டன.

முயலின் கத்தல் ஒரு காதிலும் அந்தக் கெஞ்சல் ஒரு காதிலுமாகத்தான் அவள் வளர்ந்தாள். ஒன்றை மட்டும் கேட்க அவளால் ஒருபோதும் முடிந்ததில்லை.

சவப்பெட்டி வந்துவிட்டது என்று முன்பக்கம் சத்தம் கேட்டது. அவள் போகும்போது நைனாவை ஐஸ் பெட்டியிலிருந்து மாற்றியிருந்தார்கள். ஞானம்மா ஈரத்துணியோடு எழுந்து நின்றாள்.

"மூஞ்சி தொடைக்கணும். அல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"நானும் இருக்கட்டுமாம்மா?" என்றாள் சுகிர்தா.

"நீயும் போ."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே எல்லோரும் வெயிலில் கண் கூச நின்றார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அம்மா பேசிக்கொண்டிருக்கிறாளா, அழுகிறாளா, சும்மா உட்கார்ந்திருக்கிறாளா என்று தெரியவில்லை. நாய் மட்டும் உள்ளேயே இருந்தது.

கதவு திறந்தபோது தேசப்பனுக்கு மார்புவரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. ஒவ்வொருவராக நெற்றியைத் தொட்டுப் போனார்கள். சுகிர்தா குனிந்து முத்தமிட்டாள். சில்லென்று, மழைக்காலத்து ஜன்னல் கம்பி போல இருந்தது. மூடி வைத்தார்கள். ஆணி அடித்தார்கள்.

பல்லில்லாத ஒரு கிழவர், ஜமாவில் மூத்தவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "வார கொண்டாம்மா சுகிர்தா. நேரமாவுது."

லோகு கையைத் துடைத்துக்கொண்டான். அன்புராஜ் மைக்கை டிரைவரிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டார். சந்திரகலா, ஏதோ முக்கியமானது நடக்கிறது என்று புரிந்து, ஓரடி முன்னால் வந்தார். சுகிர்தா மனதுக்குள் சொல்லிவைத்த வார்த்தைகளோடு வாசல் சுவரிடம் போனாள்.

ஆணி இருந்தது. வார் இல்லை.

"இங்கதானே தொங்கினு இருந்துச்சி?"

அன்புராஜ் சந்திரகலாவைப் பார்த்தார். சந்திரகலா அன்புராஜைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பேரவையின் டிரைவர் பாதம் வரைந்த வண்டியிலும், பாதம் வரைந்த வண்டியின் டிரைவர் பேரவை வண்டியிலும் தேடிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்கு அடியிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டுகள் வெளியே வந்தன. இரண்டு வண்டியிலும் நாய் பிஸ்கட்தான்.

"அவருகிட்ட கீது," என்றாள் ஞானம்மா.

"யாருகிட்ட அத்த?" என்றான் லோகு.

அவள் பெட்டியைக் காட்டினாள். "கையில சுத்தி வுட்டேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. புரிந்ததும் எல்லோரும் மூடியில் அடித்த ஆணிகளைப் பார்த்தார்கள். நெடுஞ்சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எதுக்கு ஞானம்மா?" என்றார் அன்புராஜ். மைக் இல்லாததால் அவர் குரல் சின்னதாக இருந்தது.

"கை வெறும்னு கெடந்துச்சி சின்னவரே. பாக்க ஒரு மாதிரி இருந்துச்சி."

"பொட்டியத் தொறங்கப்பா."

"அதெப்படி?" பாஸ்டருக்கு அன்றைக்கு முதல்முறையாக முதுகு நிமிர்ந்தது. "மூடறதுக்கு ஜெபம் கீது. தொறக்கறதுக்கு எங்ககிட்ட ஜெபம் இல்லீங்க."

"போனாப் போவுது, ஒரு வாரு தானே?" என்றார் அன்புராஜ். "மெட்ராஸ்ல ஆர்டர் குடுத்தா நூறு வாரு வரும். வெள்ளிப் பூண் போட்டே வரும்."

கிழவர் யோசித்தார். வாயை ஒருமுறை சப்பிக்கொண்டார். "வரும் சின்னவரே. எவ்ளோ வோணா வரும். ஆனா முன்நாய் வாரு அவரு கைல கீது. அப்ப இன்னும் அவருதான் முன்னால. அவரு எழுந்து நடந்தா நாங்க பின்னால போவோம்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "தூக்குங்கப்பா," என்றார்.

தூக்கினார்கள். லோகு முன்பக்கம் தோள் கொடுத்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று சுகிர்தாவால் பார்க்க முடியவில்லை, பெட்டி மறைத்தது. அவள் சொல்ல வைத்திருந்த வார்த்தைகளுக்குச் சொல்ல இடமே வரவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் கிடந்த அத்தனை செருப்புகளுக்கு நடுவே ஞானம்மா தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள். தெரிந்து செய்தாளா என்று கேட்கலாம். கேட்டால் அதே பதில்தான் வரும்.

காலியான ஐஸ் பெட்டியை வண்டியில் ஏற்றியதும் டீசல் எழுந்து, உடம்பை உதறி, அங்கிருந்த எல்லோர் மேலும் சமமாகத் தண்ணீர் தெளித்துவிட்டு ஊர்வலத்துக்குப் பின்னால் நடந்தது.

கல்லறை ஏரிக்கரைக்கு அப்பால், ஒரு கம்பெனிச் சுவரை ஒட்டி இருந்தது. சுவருக்கு உள்ளே ஏதோ எந்திரம் ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பிடி மண் போட்ட பிறகும் அன்புராஜ் குழி ஓரத்திலேயே குனிந்து நின்றார். அப்போது யாரும் படம் எடுக்கவில்லை. சந்திரகலா வண்டிக் கதவைத் திறந்துவைத்து, முட்டி போட்டு, பிஸ்கட்டை நீட்டி நெடுநேரம் கூப்பிட்டார். டீசல் பிஸ்கட்டைத் தின்றது. வண்டியில் ஏறவில்லை. "உன் இஷ்டம்டா," என்று அதன் தலையைத் தடவியபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

ஜமா ஆட்கள் கொஞ்ச நேரம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது ஷிஃப்ட் இருந்தவர்கள் முதலில் போனார்கள். பிறகு மற்றவர்கள்.

ஏரிக்கரை வழியாகத் திரும்பும்போது மூன்று பேர்தான் இருந்தார்கள். பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. டீசல் முன்னால் போனது. கழுத்தில் பட்டை மட்டும். சுவரின் ஓரமாக மிஞ்சியிருந்த புதர்கள் தண்ணீரில் கரைந்த மை போல நின்றன. ஞானம்மா மெதுவாக நடந்தாள். அவளுக்காக மற்ற இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள். சுகிர்தாவுக்கு நடக்கிற மாதிரியே இல்லை. யாரோ அவர்களைக் கரையோடு சேர்த்து மெல்ல இழுத்துக்கொண்டு போவது போலிருந்தது.

டீசல் சட்டென்று நின்றது. ஒரு முன்னங்கால் தரையைத் தொடாமல் மடங்கியது.

சுவரிலிருந்து மழைத்தண்ணீர் வெளியேறும் துளைக்கு முன்னால், பத்தடி தூரத்தில், ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. பனியின் நிறத்திலேயே இருந்தது. காது மட்டும் தனியாகத் தெரிந்தது.

நாய் ஓடவில்லை. தேசப்பன் விசில் கொடுக்காமல் அது ஓடியதில்லை. உடம்பு முழுக்க இழுத்துக் கட்டிய கம்பி போல அதிர, தலையை மட்டும் மெல்லத் திருப்பி, பின்னால் வந்தவர்களைப் பார்த்தது. ஞானம்மாவைப் பார்த்தது. சுகிர்தாவைப் பார்த்தது. கடைசியாக லோகுவைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டது.

லோகுவின் உதடுகள் விசிலுக்குக் குவிந்தன. கம்பெனியில் சங்கு ஊதியது, ஊதி ஓய்ந்தது.

அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

முயல் பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும், அவசரமே இல்லாமல், முகம் கழுவிக்கொண்டிருந்தது.